ரெண்டாம் பேச்சி

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் மேட்டின்மேல் நின்றுகொண்டு "பேச்சி" என்று கூப்பிட்டால் ஏழு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சும்மா சொல்லவில்லை. வேலை வெட்டி இல்லாத நாள்களில் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஏழு பேரிடமும் வசவு வாங்கியிருக்கிறேன். வேலை வெட்டி இல்லாத நாள்கள் எனக்கு நிறைய இருந்தன.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூணாறு மலைக்கு ஏறிய குடும்பங்கள் நாங்கள். குலசாமி பேச்சியம்மன் என்றால் மூத்த பெண்ணுக்குப் பெயர் பேச்சியம்மாள். அதில் யோசிக்கவோ புத்தகம் பார்க்கவோ எதுவும் இல்லை. அடையாளத்துக்காக முன்னால் எதையாவது ஒட்டிக்கொள்வோம். மேல்லயத்துப் பேச்சி, நெட்டைப் பேச்சி, ஆட்டுக்காரப் பேச்சி. என் தங்கைக்கு ஒட்டியது, ரெண்டாம் பேச்சி.

பெயருக்கு அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பேய்களுக்கே ஆச்சி என்பார் எங்கள் கோயில் பூசாரி. பிள்ளை பெறுகிற வீட்டு வாசலில் காவல் நிற்பவளாம், பச்சைப் பிள்ளையை ஒன்றும் அண்டவிடமாட்டாளாம். பள்ளிக்கூடத்தில் மலையாள டீச்சர் என்னிடம் கேட்டபோது, பேச்சுக்கு அதிபதி, சரஸ்வதிக்கு அக்கா முறை என்று அடித்துவிட்டேன். டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

முதல் பேச்சி எனக்கு மூன்று வயது இளையவள். காவல்காரியின் பெயரை வாங்கிக்கொண்டு ஏழாம் மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் அவளுக்குப் பிறப்புச் சீட்டு இருந்தது. ஓடைக்கரையில் புதைத்ததற்குச் சீட்டு இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. மூன்று வருஷம் கழித்து அடுத்தவள் பிறந்தாள். மழையில் ரோடு இடிந்து கிடந்ததால் வீட்டிலேயே பிறந்தாள், ஆகவே அவளுக்குச் சீட்டு இல்லை. சாமி பெயரைப் பாதியில் விட்டால் ஆகாது என்று இவளுக்கும் அதையே வைத்தார்கள். இப்படி எங்கள் வீட்டில் ஒரு பெயர், இரண்டு பெண்கள், ஒரு சீட்டு. சீட்டு தகரப் பெட்டியில் கிடந்தது. அதை வெளியே எடுத்த புத்திசாலி நான்தான்.

எஸ்டேட் வீடு யாருக்கும் சொந்தமில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லயத்து வீட்டில், குடும்பத்தில் ஒருவராவது நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும்வரை குடியிருக்கலாம். எனக்கு இருபத்தொரு வயதானபோது அப்பா ஓய்வு பெறும் நாள் வந்தது. அம்மா நெஞ்சு நோவால் முன்பே வேலையை விட்டிருந்தாள். அப்பாவின் இடம் எனக்கு வரவேண்டியது. நானோ பூச்சிமருந்து அடிக்கும் டப்பாவை முதுகில் சுமக்கப் பிறந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு மாட்டுப்பட்டி அணைக்கட்டில் டூரிஸ்ட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் எடுத்த படங்களில் அணை நன்றாக விழும். ஆள்களுக்குத்தான் தலை இருக்காது.

வீடு போய்விடும் என்று அப்பா கவலைப்பட்டபோது எனக்கு மூளை வேலை செய்தது. தங்கைக்குப் பதினைந்து, பத்தாம் வகுப்பு. செத்தவளின் சீட்டுப்படி பார்த்தால் பதினெட்டு. பெயர் அதே, அப்பா அம்மா அதே. அந்தச் சீட்டைக் காட்டி அப்பாவின் இடத்தில் இவளைச் சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னதும் அப்பா என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

"அண்ணே, பரீட்சைக்கு நாலு மாசந்தானே இருக்கு" என்றாள் அவள்.

"பதினெட்டு வயசுல பத்தாங்கிளாஸா? ஊரே சிரிக்கும்ட்டி" என்றேன்.

அப்பா சிரித்தார். அம்மாகூட இருமலுக்கு நடுவில் சிரித்தாள். என் நகைச்சுவைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

ஆபீசில் படிவத்தை நிரப்பியதும் நான்தான். படிப்பு என்ற இடத்தில் பள்ளிக்கூடத்தைக் காட்டினால் அங்கே உண்மையான வயது கிடக்கும். அதனால் 'எழுத்தறிவு இல்லை' என்று அழகாக எழுதினேன். ஒரு பொய்க்கு அண்டை கொடுக்க இன்னொரு பொய். எழுத்தறிவு இல்லாதவள் கையெழுத்துப் போட முடியாதே. அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தினேன்.

மறு வாரம் பள்ளிப் பாவாடைமேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். அதன்பிறகு நாற்பது வருஷம் சம்பளத்துக்கு விரல் ரேகைதான். லயத்துப் பெண்களுக்கு வந்த கடிதங்களையெல்லாம் அவள் படித்துச் சொல்வாள். ஆபீசில் மட்டும் அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்யாணமானதும் புருஷன் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஒரு மகளைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரமே செத்துப்போனான். என் கேமரா தொழில் அதற்கு முன்பே செத்திருந்தது. பிறகு நான் பார்த்த தொழில்களைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. எது கவிழ்ந்தாலும் சாயங்காலம் திரும்பிவர அந்த வீடு இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளக்கூட நேரமில்லாமல் அதில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன வருஷம் கடிதம் வந்தது. பேச்சியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, ஓய்வு, வீட்டைக் காலிசெய்ய வேண்டும். அவளுக்கு ஐம்பத்தைந்துதான். கடிதத்தை அவளே படித்து, மடித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்று வருஷத்தை மீட்கிறேன் பார் என்று பள்ளிக்கூடத்தில் அவள் உண்மையான வயதுக்குச் சான்று வாங்கி, தேதியைத் திருத்தக் கேட்டு ஒரு அபேட்சையும் எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அவளும் கூட வந்தாள். அங்கிருந்த மலையாளிப் பையன் மரியாதையானவன். பழைய ஃபைலைத் தேடி எடுத்து, என் அபேட்சையையும் அந்தப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டும் ஒரே கை. நல்ல கையெழுத்து, சேட்டா" என்றான்.

பிறகு பொறுமையாகக் கேட்டான். பள்ளிக்கூடத்தில் படித்த பேச்சியம்மாள் ஒருத்தி. எழுத்தறிவே இல்லாத பேச்சியம்மாள் ஒருத்தி. இதில் வேலை பார்த்தது எந்த ஆள்? அவளேதான் இவள் என்று நான் சொன்னால், சின்னப் பிள்ளையைப் பொய்ச் சீட்டில் வேலைக்கு விட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். எழுதினாலும் தேதி மாறாது, இவ்வளவு காலம் கழித்து யாரும் மாற்றமாட்டார்கள் என்றான்.

தங்கை என்னைத் தாண்டி முன்னால் வந்தாள். ஓய்வுத் தாளை வாங்கி, மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, குனிந்து நின்று முழுப் பெயரையும் எழுதினாள். அவள் கையெழுத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. பையனுக்கே சங்கடமாகிவிட்டது. ரெக்கார்டில் விரல் ரேகைதான் இருக்கிறது, கையெழுத்து செல்லாது என்றான். அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினான். யாரும் பிடிக்காமல் அவளே விரலை அழுத்தினாள்.

வெளியே வந்து சேலை முனையில் மையைத் துடைத்தபடி சொன்னாள்.

"செத்தவளுக்கு வயசாயிட்டு, ரிட்டயர் ஆயிட்டா. எனக்கு இன்னும் மூணு வருசம் கெடக்கு. அத எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்லுத?"

பஸ் வருகிறதா என்று நான் ரோட்டைப் பார்த்தேன்.

அவள் வண்டன்மேட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். அங்கே இரண்டே அறை, அதில் மாமனுக்கு இடம் கிடையாது, நியாயம்தான். நான் மாட்டுப்பட்டியில் ஒரு போட்டோக் கடையின் பின்பக்கம் படுத்துக்கொள்கிறேன். பஸ் ஏறும்போது, ஏலக்காய்க் காட்டில் மணக்க மணக்க இருக்கப்போகிறாய் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மகள், என் மருமகள், போன் செய்தாள். அம்மா ஏலக்காய் எடுக்க நாள்கூலிக்குப் போகிறாளாம். வயது கேட்டதற்கு ஐம்பத்தைந்து என்றாளாம், சீட்டு யாரும் கேட்கவில்லை. அங்கேயும் ஏற்கெனவே ஒரு பேச்சி இருக்கிறாள். அதனால் உன்னை ரெண்டாம் பேச்சி என்று எழுதிக்கொள்கிறேன் என்றாராம் சூப்ரவைசர்.

"அதுக்கு அம்மா, 'எனக்கு வெறும் பேச்சின்னு எழுதுங்க, வேணும்னா அவள ரெண்டாவதா போட்டுக்கிடுங்க'ன்னுட்டா."

கடைக்கு வெளியே போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

"இதுக்குத்தான் மாமா" என்றாள் மருமகள். "ஒங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அம்மா சொன்னா."