கழுத்தில் ஆபரேஷன், வாயில் பேச்சு

இரண்டு வருடங்களுக்கு முன் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நானும் கணவரும் வாக்கிங் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். திரை இறங்கின மாதிரி இருட்டி, சற்று நேரத்தில் தெளிந்துவிட்டதாம். அவரிடமிருந்து அவ்வளவு விவரம் வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. வீட்டில் அவர் பேச்சு "சரி", "ம்", "பார்க்கலாம்" இவற்றைத் தாண்டாது.

தாம்பரத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுங்கள் என்றார். மூளைக்குப் போகும் இடப்பக்கக் குழாயில் கொழுப்பு படிந்து, முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது.

அப்படியே விட்டால் பக்கவாதம் வரலாம், ஆபரேஷன் செய்யும்போதே வந்துவிடவும் கூடும் என்றார் சர்ஜன். வயது, சர்க்கரை, வலப்பக்கக் குழாயின் நிலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் ஆபரேஷனில்தான் ஆபத்து குறைவாம். ஆனால் அடைப்பை எடுக்கும்போது அந்தக் குழாயைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். அதை மூளை தாங்குமா என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

"அதனால கழுத்தை மட்டும் மரத்துப்போக வெச்சு, முழிப்புலயே பண்ணிடலாம். சார் எங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு குழறினா உடனே எங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"டாக்டர், இவர் பேசவே மாட்டாரே" என்றேன். கணவர் வழக்கம்போல, "பார்க்கலாம்" என்றார்.

ஆபரேஷன் அன்று நானும் மகளும் வெளியே உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் பேசுகிறாரா, வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாரா என்பதுதான் என் கவலையெல்லாம்.

ஒரு வழியாக மயக்க மருந்து டாக்டரம்மா வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்ததாம். நடுவில் ரத்தக்குழாயை மூடியதும் பேச்சு குழறி, அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி வலது கையில் கொடுத்திருந்த ரப்பர் பொம்மையை அமுக்குவதும் நின்றிருக்கிறது. உடனே சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி ரத்தம் போக வழி செய்ததும், விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாராம்.

"அப்படி என்ன பேசினார்?" என்று கேட்டாள் மகள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் உங்க அம்மாவைப் பத்திதான். சமைக்கும்போது பாடுவாங்களாமே? இவர் போனா நிறுத்திடுவாங்கன்னு, சமையல்கட்டுக்குள்ள போகாம ஹால்லயே நின்னு கேப்பாராம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காதில் என் பாட்டு விழுகிறது என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் வார்டில் மெதுவாகக் கேட்டேன், "அவ்ளோ பேசினீங்களாமே?"

"பேசச் சொன்னாங்க, பேசினேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபின் பழையபடி "சரி", "ம்"தான். எனக்கு இப்போது அதில் குறையில்லை. அவர் உடம்புக்கு எவ்வளவு ஆபத்து என்று டாக்டர்கள் ஓரளவுக்குச் சரியாகவே கணித்தார்கள். அவர் மனதில் எனக்கு எவ்வளவு இடம் என்பதைத்தான், இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த நான் மிகவும் குறைத்துக் கணித்திருந்தேன்.