கிரகணக் கூட்டமும் கஸ்தூரியின் செய்தியும்

கஸ்தூரியைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜொகூர் மாநிலத்தில் தமிழ் நாளிதழ் நிருபராக அலைந்து எனக்குத் தலை நரைத்த பிறகு, இணையச் செய்தித்தளம் ஒன்றுக்கு எழுத வந்தவள் அவள்.

உலு திராம் என்ற ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் கிரகணம் பற்றிக் கூட்டம். பேசியவர் மாணிக்கம் வாத்தியார். அதே மண்டபத்தில் வாரந்தோறும் பிள்ளைகளுக்கு இலவசமாக அறிவியல் வகுப்பு எடுப்பவர். “கிரகண நேரத்துல சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. மாசமா இருக்கறவங்க தாராளமா வெளிய வரலாம்,” என்றார். பின்வரிசையில் கூச்சல் கிளம்பியது. கோயில் தலைவர் எழுந்து வந்து வாத்தியார் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

எனக்கு அது போதும். எங்கள் தொழிலில் முந்தியவனுக்குத்தான் பெயர். காருக்கு ஓடி, கைப்பேசியிலேயே தட்டி அனுப்பினேன்: ‘கோயிலில் அறிவியலுக்குத் தடை’. நான் அனுப்பி முடித்தபோது, அதே கூட்டத்துக்கு வந்திருந்த கஸ்தூரி உள்ளே எல்லோரோடும் உட்கார்ந்து மீகூன் சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிழைக்கத் தெரியாத பெண் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் என் செய்தி வாட்சாப்பில் பறந்தது. அதைப் பார்த்துக் கொதித்த கோயில் நிர்வாகத்தினர் வகுப்பை நிறுத்தி மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்கோ எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை கஸ்தூரியின் செய்தி வந்தது. சாப்பிடும்போது தலைவரும் வாத்தியாரும் பேசியதை, இருவருக்கும் வாசித்துக் காட்டிய பிறகு போட்டிருந்தாள்.

தலைவர் சொன்னது: “கிரகணத்துக்கு நான் விரதம் இருக்கறவன் லா. சார் சொல்றத ஒத்துக்க மாட்டேன். ஆனா பின்னால இருந்தவனுங்க அவர அடிக்கப் பாஞ்சானுங்க, அதான் மைக்க வாங்கினேன். அவர பேசக்கூடாதுன்னு சொல்ல நான் யாரு?”

வாத்தியார் சொன்னது: “அவரு விரதம் இருக்கட்டும். நான் பாடம் நடத்தறேன்.”

அந்தச் செய்தியை நிர்வாகக் கூட்டத்தில் தலைவரே சத்தமாகப் படித்தாராம். அடுத்த வாரம் மண்டபம் திறந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதிகம் பேர் படித்தது என் செய்தியைத்தானே!

வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று படம் எடுக்கப் போனேன். பிள்ளைகள் கஸ்தூரியைச் சூழ்ந்து நின்றார்கள். வாத்தியார் என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: “அன்னிக்கு நீங்களும் வந்திருந்தீங்களா சார்?”

இளைய நிருபர்களே, கூச்சல் கேட்டதும் ஓடாதீர்கள். அது அடங்கி, ஆட்கள் ஆற அமரப் பேசும்வரை இருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் கஸ்தூரி. அதனால்தான் அவளை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.