எடுக்காத பொட்டலம்

எட்டு வயது வரைக்கும் என் வலது கைக்கு வீட்டில் நல்ல பேர் இருந்தது. ராசியான கை என்பார்கள். எங்கள் லாரி ராஜபாளையத்திலிருந்து பாரம் ஏற்றிக் கிளம்பும்போதெல்லாம் முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது நான்தான். பாதி சடை பின்னியிருக்கும்போதே அம்மாவின் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடுவேன். சித்தப்பா வண்டியை எடுப்பார், பழம் நசுங்கும், எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குள் போவார்கள்.

லாரி அப்பாவுடையது, ஓட்டுவது அவருடைய தம்பியான சித்தப்பா. மில்லிலிருந்து நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குப் போய் வருவார். லாரிக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு வயது. மேடு ஏறினால் கேபினுக்குள் புகை வரும். இஞ்சின் சூட்டில் சித்தப்பாவின் இடது கால் எப்போதும் கன்றிப்போயிருக்கும். பிரேக்கைப் பற்றி அவரே சொல்வார்: "மொத மிதிக்கு யோசிக்கும், ரெண்டாவது மிதிக்குத்தான் கேக்கும்." நாங்கள் சிரிப்போம். எண்பதுகளில் அதுவும் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஒரு பங்குனி மாதம் சித்தப்பா புது லாரிப் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, இத வச்சு இனி மல எறங்க முடியாது. புதுசு எடுத்துருவோம். எம்பேரயும் சேத்து எழுதுங்க, ரெண்டு பேருமா ஒழச்சுக் கட்டிருவோம்."

"இஞ்சின் வேல பாத்து ஒரு வருசங்கூட ஆகலலே" என்றார் அப்பா. "இந்த மாதிரி இரும்பு இனிமே வருமா? புது வண்டி அம்புட்டும் தகரம்."

ஒரு மாதம் இதே பேச்சு. சித்தப்பா மலையைப் பற்றிப் பேசினால் அப்பா இரும்பைப் பற்றிப் பேசுவார். சித்தி கதவோரம் நின்று, அவிய உசுரு பெருசா இரும்பு பெருசா என்று கேட்பாள். அம்மா எந்தப் பக்கமும் சேராமல் சோறு போடுவாள். ‘எம்பேரயும் சேத்து’ என்ற இடத்துக்கு மட்டும் அப்பா கடைசிவரை பதிலே சொல்லவில்லை. அது எனக்குப் பின்னால் யோசித்துத்தான் தெரிந்தது.

கடைசியில் சாமியிடமே கேட்டுவிடலாம் என்றார் அப்பா. எது இழுபறியானாலும் பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் பழைய லாரியே ஓடட்டும், சிவப்பு வந்தால் புதுசு. எந்தப் பிள்ளை எடுப்பது என்றபோது சித்தப்பா யோசிக்கவே இல்லை.

"எந்தாயி எடுக்கட்டும். அவ கை தப்பாது."

அய்யனார் கோவிலுக்கு அந்த லாரியிலேயே போனோம். பாதி வழியில் அது படுத்துக்கொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். "சாமி இங்கனயே பதில் சொல்லிருச்சு" என்று சித்தி என் காதில் சொல்லிச் சிரித்தாள். அவள் என்னிடம் சிரித்துப் பேசியது அதுதான் கடைசி.

பொட்டலங்களை அப்பா வீட்டிலேயே மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். சாமி முன்னால் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார்கள். வெள்ளை நந்தியாவட்டை.

சித்தப்பா அந்தப் பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை ஸ்டியரிங்கில் பூசினார். "சாமி சொன்ன பொறவு என்ன இருக்கு. பழசே ஓடட்டும்." அதற்குப் பின் புது லாரி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அண்ணனோடு மல்லுக்கட்டலாம், அய்யனாரோடு கட்ட முடியுமா?

ஐப்பசி மழையில் மலை இறங்கும்போது பிரேக் இரண்டாவது மிதிக்கும் கேட்கவில்லை. பள்ளத்தில் விழாமல் இருக்க வண்டியைப் பாறையோடு சாத்திவிட்டார். கிளீனருக்குக் கீறல்கூட இல்லை. சித்தப்பாவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் காலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் சித்தி என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, இந்தக் கைதான் எடுத்துச்சு. இந்தக் கைதான்!" அப்பா பக்கத்தில்தான் நின்றார். பச்சப்புள்ள என்ன செய்யும் என்று யாரோ ஒரு நர்ஸ்தான் சொன்னாள்.

சித்தப்பா குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, சித்தியின் பிறந்த வீட்டுக்கே போய்விட்டார். மடவார் வளாகத்தில் ஒரு சைக்கிள் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினார். நான் போனால் சித்தி எழுந்து உள்ளே போய்விடுவாள். சித்தப்பா மட்டும் "வா தாயி" என்று என் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வார். சித்தியின் ஏச்சைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருசமே அப்பா புது லாரி வாங்கினார், தன் ஒருத்தர் பேரில். அதற்குப் பூக்கட்டிப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்க என்னைக் கூப்பிடவும் இல்லை.

தொண்ணூறுகளில் என்னை இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பூக்கட்டிப் பார்ப்போமா என்றார் அப்பா. "பாப்போம்ப்பா. பொட்டலத்த நான் மடிக்கேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் சித்தப்பாவிடம் சொல்லவும் இல்லை. கால் போனது சாமி விட்ட வழி என்று நம்பித்தான் அவர் காலத்தை ஓட்டினார். காலோடு சேர்ந்து அண்ணனும் அவருக்கு இல்லாமல் போக வேண்டுமா? கெட்ட பேர் என் கையோடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூக்கட்டிப் பார்த்த அன்றைக்குக் கோவிலில், யாரும் எடுக்காத அந்தச் சிவப்புப் பூவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. எல்லோரும் விழுந்து கும்பிடும்போது அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று பிரித்தேன். அதற்குள்ளும் நந்தியாவட்டைதான் இருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா பூவைப் பார்த்தாள், முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். வெடுக்கென்று பிடுங்கிக் காகிதத்தோடு அடுப்பில் போட்டாள்.

"ஆருட்டயும் சொல்லிராத ஏட்டி. சாமி கோவிச்சுக்கிரும்."

நான் ஏன் சொல்லப்போகிறேன்? எனக்கு ஒரே சந்தோஷம். எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும், என் கை தப்பாகவே எடுத்திருக்க முடியாது என்று வீடு முழுக்கக் குதித்துக்கொண்டு திரிந்தேன்.