ஜெபஷீலாவின் நெற்றி

"தொட்டுப் பாருங்க, ஒண்ணும் செய்யாது" என்று, சேலை எடுக்க வந்த பெண்ணின் விரலைப் பிடித்துத் தன் இரண்டு புருவங்களுக்கும் நடுவே வைக்கிறார் ஜெபஷீலா. போடி பஜாரில் ஜவுளிக்கடை. வயது ஐம்பத்து நான்கு. முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டதைப் பலர் மறைப்பார்கள். இவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

டியூப்லைட் வெளிச்சத்தில் சேலையின் கரையையும் உடலையும் ஒட்டிப் பார்த்து, கண்ணை இடுக்கி இடுக்கி, மூக்குக்கு மேலே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்திருந்தன. சும்மா உட்கார்ந்திருந்தாலே, "இன்னிக்கு யார் மேல கோவம்?" என்பார் கணவர் கிங்ஸ்லி. அதையெல்லாம் ஜெபஷீலா பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த சொர்ணலதா சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. ஒரே சேலையை வெகுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொண்ணு எடுத்துக் காட்டச் சொல்லலாம்னுதான் பாக்குறேன் அக்கா. ஒங்க மொகத்தப் பாத்தா கேக்க பயமா இருக்கு" என்றார் அவர்.

அன்று ஜெபஷீலா அலமாரியையே இறக்கி அவர் முன்னால் போட்டார். ஆனாலும் மனது ஆறவில்லை. "நான் நெனைக்காததையெல்லாம் என் மூஞ்சி எதுக்குப் பேசிக்கிட்டுத் திரியணும்?"

தேனிக்குப் பஸ் ஏறினார். தோல் டாக்டர் எதிரே உட்கார்ந்து, "எங்க, கோபப்படுங்க பார்ப்போம்" என்றதும் இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாயம் போகிற சரக்கை ஒருவன் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனதை நினைத்த பிறகுதான் புருவம் நெரிந்தது. நெரிந்த இடங்களில் புள்ளி வைத்து, மெல்லிய ஊசியால் குத்தினார் டாக்டர். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. பத்துப் பதினைந்து நாளில் கோடுகள் தணிந்துவிட்டன.

எப்படி என்று யார் கேட்டாலும் ஒரே விளக்கம்தான்: "லோயர் கேம்ப்ல மதகு ஷட்டர எறக்குனா வாய்க்கால்ல தண்ணி வராதுல்ல? அதே கததேன். 'சுருங்கு'னு நரம்பு சொல்றது சதைக்கு எட்டாது. சதை சும்மா கெடந்தா மேல தோல் எப்பிடி மடியும்? மூணு நாலு மாசத்துல ஷட்டர் தானாத் தொறந்துக்கிரும். மறுபடி போய் நிக்கணும்."

மறுபடி போனது மகள் ஜாய்ஸின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். அப்போதுதான் சோதனை. சில நாளில் இடது இமை பாதிக்கு இறங்கிவிட்டது. "டாக்டரக் கொற சொல்லாதீக. இப்பிடியும் ஆகலாம்னு மொதல்லயே சொன்னாக. நெத்தில கை வைக்கக்கூடாது, அழுத்தக்கூடாதுன்னும் சொன்னாக. நான்தேன் வரும்போது பஸ்ல முன்சீட்டுக் கம்பில நெத்திய முட்டுக்குடுத்துத் தூங்கிட்டேன்." அதனால்தானா என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொட்டு மருந்து கொடுத்து, சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார்.

நிச்சயதார்த்தம் அதுவரை காத்திருக்குமா? "கறுப்புக் கண்ணாடி போட்டுக்க ஷீலா. மாப்பிள்ள வீட்டாக என்ன நெனைப்பாக?" என்றார் கிங்ஸ்லி.

கடையில் சேலை உடுத்திப் பார்க்கும் தட்டிக்குப் பின்னால் போய் அழுதார் ஜெபஷீலா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "மக நிச்சயத்துல திருடி மாதிரி கண்ண மறைச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். அன்றைக்கு வந்த எல்லோரும் அந்தக் கண்ணைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பஸ் கதையைச் சொன்னார்.

சர்ச் ஹாலில் மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்தபோதும் இவரே முந்திக்கொண்டார். "வாதம் கீதம்னு பயந்துராதீக சம்பந்தி. சுருக்கம் போக ஊசி போட்டேன், இமை எறங்கிருச்சு. கல்யாணத்துக்குள்ள ஏறிரும்."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். இவர் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், "வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இமை ஏறிவிட்டது. கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. கல்யாண ஆல்பத்தில் இரண்டு கண்ணும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் கடைச் சுவரில் அவர் மாட்டியிருப்பது நிச்சயத்தன்று எடுத்த படத்தை. அதை எடுத்த போட்டோகிராபர் பிரின்ஸ், "அம்மா, லேசா இடது பக்கம் திரும்புங்க, அந்தக் கண்ணு தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். ஜெபஷீலா மகளின் தோளில் கை போட்டு, முழு முகத்தையும் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.