பள்ளி முத்திரை குத்திய பாரம்

ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்துக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டால் பிள்ளைகள் உலகத்தையே தூக்கிக்கொண்டு வருவார்கள். தர்ஷினி கொண்டுவந்தது, ‘மலேசியத் தோட்ட மக்கள்’.

“இத முடிக்க ஏழு ஜென்மம் வேணும்லா. சுருக்கு,” என்றேன்.

சுருக்கினோம். சிம்பாங் பூலாய் பக்கம் அவள் குடியிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தோட்டத்தை விற்றபோது தருவதாகச் சொன்ன மாற்று வீட்டுக்காக அங்கே இன்னும் எத்தனை குடும்பங்கள் காத்திருக்கின்றன? நல்ல கேள்வி என்று எனக்கே பெருமை. வீடு வீடாகக் கொடுத்து நிரப்பி வாங்கக் கேள்விப் பாரம் தயாரித்து, எடுப்பாக இருக்கட்டுமென்று பள்ளி முத்திரையையும் குத்தினேன்.

ஒரே வாரத்தில் எல்லாம் நிரம்பி வந்தன. நான் கேட்காமலேயே ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை நகல் இணைத்திருந்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் தர்ஷினியின் பக்கத்து வீட்டு அக்கா பள்ளிக்கே வந்துவிட்டார்.

“டீச்சர், எங்களுக்கு மாடி வேணாம். அப்பாவுக்கு முட்டி வலி. கீழ் வீடா பாத்துக் குடுங்க.”

“அக்கா, இது பிள்ளையோட பள்ளிக்கூட வேலை. வீட்டுக்கு இல்லக்கா.”

அவர் மேசையிலிருந்த பாரத்தின் அடியில் முத்திரையைத் தொட்டுக் காட்டினார். “சாப் இருக்கே டீச்சர்?”

பாரத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

“பரவால்ல. லேட்டானாலும் காத்திருக்கோம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தர்ஷினிக்கு நல்ல மதிப்பெண். பாரங்கள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. திருப்பிக் கொடுத்தால் வீடு இல்லையென்று சொன்னதாகிவிடும். வைத்திருந்தால் உண்டென்று சொன்னதாகிவிடும். அவர்களைக் காக்க வைத்தவர்களை இத்தனை வருடம் வகுப்பில் திட்டியிருக்கிறேன். இப்போது காக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.