பதினோராவது பொருள்

ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. நீள மேசையின் கடைசியில், ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடம். எதிரே ஒரு பலகை வைத்திருந்தார்கள். பெயர் கிடையாது, ‘மாணவர் பிரதிநிதி’ என்று மட்டும். அதைப் போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். தறியில் உட்கார்ந்தபடியே அப்பா அந்தப் படத்தைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டார். “எம் பொண்ணு டீனோட உக்காந்துகினு மீட்டிங் பேசுது” என்று. பேசுகிறது என்றுதான் சொன்னார். அன்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பேரவை உண்டு. கலைவிழா, பேனர், பட்டாசு எல்லாம் இளங்கலைப் பிள்ளைகளின் பேரவைக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எந்தப் படிவத்தை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று சொல்வது, சனிக்கிழமைகளில் ஆய்வேடு எழுத உட்காருபவர்களுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுப்பது, நூலகத்தை ஆறு மணிக்கே பூட்டாதீர்கள் என்று மனு எழுதுவது, கைடுக்கும் ஸ்காலருக்கும் முட்டிக்கொண்டால் நடுவில் போய் நிற்பது, இவைதான் எங்கள் வேலை. சில பேராசிரியர்கள் எங்களை ‘டீ கமிட்டி’ என்பார்கள். பேரவைத் தலைவன் இயற்பியல் ஸ்காலர். எதையும் சிரித்தே கடப்பவன். “டீயாவது சூடா குடுக்கறமே, வுடு” என்பான். செயலாளர் தேர்தலில் நான் நின்றபோது மைக்கைப் பிடித்து, “உங்க குரலா இருப்பேன்” என்று சொல்லி ஓட்டு வாங்கினேன். அந்தச் செயலாளர்தான் ஆராய்ச்சிக் குழுவில் மாணவர் பிரதிநிதி.

செவ்வாய்க்கிழமை மதியங்களில் நூலக வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். யாருக்கு என்ன சிக்கலோ அங்கே வந்து சொல்லலாம். ஒரு செவ்வாயன்று, எனக்கு ஒரு வருடம் முன்பே சேர்ந்த தோழி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். மாகறல் பக்கம் விவசாயக் குடும்பம். தாவரவியலில் ஏரிக்கரைச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி. நாலு வருடம் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் நாங்கள்.

அவளுக்குக் குழந்தை நாள் நிறையாமல் முன்னாடியே பிறந்துவிட்டது. பிரசவ விடுப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதி வைத்த விண்ணப்பம் பையிலேயே கிடந்தது, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்து கொடுத்தபோது தாமதம் என்றார்கள். அவள் வராமல் இருந்த எட்டு மாதமும் படித்த கணக்கிலேயே போய்விட்டது. அந்த மாதக் கடைசியோடு அவள் பதிவு முடிகிறது. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் பாக்கி. குழு மனசு வைத்தால் அந்த எட்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். வைக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

“திருப்பி சேரணும்னா எங்க வூட்ல வுடுவாங்கன்னு நெனைக்கிறியா?” என்றாள். “இப்பவே மாமியாரு, செடிய எண்ணிக்கினு எத்தினி வருஷம் ஓட்டுவன்னு கேக்கறாங்க. ஒரு தடவ நின்னுச்சுன்னா நின்னதுதான்.”

“நான் பாத்துக்கறேன்டி. அங்க நான் இருக்கேன் இல்ல?” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

அவள் விஷயம் நிகழ்ச்சி நிரலில் பதினோராவது பொருள். இரண்டு பக்கம் குறிப்பு எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டு நகலை மேலே வைத்து, தயாராகப் போயிருந்தேன். முதல் பத்துப் பொருளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறகு டீன் மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“லெவன். லேட் அப்ளிகேஷன். ரிஜெக்ட் பண்ணலாம்னு ஆஃபீஸ் நோட் இருக்கு. ஓகே? ட்வெல்வ்.”

அவ்வளவுதான். நான் தாளை நேராக வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, அவர் என் பக்கம் திரும்பிக் கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாவது பொருள் ஆய்வகத்துக்கு ஏ.சி. வாங்குவது. அதை இருபது நிமிடம் பேசினார்கள். அதன் நடுவிலாவது யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன். பதினாலோடு கூட்டம் முடிந்து பிஸ்கட் தட்டு வந்தது.

பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். பயம் இல்லை. நெய்த சேலையை ஒப்படைக்க அப்பா நெசவாளர் சங்கத்துக்குப் போகும்போது சின்ன வயதிலிருந்து கூடப் போயிருக்கிறேன். சேலையை விரித்து, கரை, உடல், முந்தி என்று விரலால் தடவிக்கொண்டே பார்ப்பார்கள். நெய்தவர் எட்ட நிற்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காமல் வாயைத் திறந்தால், எங்கேயோ கோளாறு இருக்கிறது போல என்று மறுபடி முதலிலிருந்து தடவ ஆரம்பித்துவிடுவார்கள். தன் வேலைமேல் நம்பிக்கை உள்ளவர் பேசாமல் நிற்பார். என் தாள் சரியாக இருந்தது. அதனால் பேசாமல் இருந்தேன். அந்த அறையில் யாரும் எதையும் விரித்துப் பார்க்கவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

போனில் அவளிடமிருந்து நாலு மிஸ்டு கால். கேன்டீனில் தலைவன் டீ டம்ளரைத் தூக்கிக் காட்டினான். “செக்ரட்டரி மேடம், லெவன் இன்னா ஆச்சு? கிழிச்சுட்டியா?”

“எடுத்தாங்க. மினிட்ஸ் வரணும்” என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி காந்தி ரோட்டில் நடந்தேன். பட்டுக்கடை வாசல்களில் ஆட்கள் நின்றுகொண்டு வெளியூர் கார்களைக் கைகாட்டி, “வாங்கம்மா, வாங்க, உள்ள வந்து பாருங்க” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கத்தினார்கள். எனக்கு அவர்கள் எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தினார். “இன்னாமா பேசின?”

“ஒண்ணும் பேசலப்பா. அவங்க கேக்கல.”

“கேக்கலன்னா நீ இன்னா பண்ணுவ? வுடு. வம்பு இல்லாம வந்தியே, அதான் நல்லது.”

“அவ படிப்பு போவுதுப்பா!”

நான் கத்தியதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என்னைத் தேற்றத்தான் பார்த்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, வெள்ளிக்கிழமை, தாவரவியல் துறை வாசலில் அவளிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் ஏழெட்டு விதமாக யோசித்து வைத்திருந்தேன். கடைசியில், “நான் பேசலடி. கேப்பாங்கன்னு இருந்துட்டேன்” என்றுதான் வந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கேப்பாங்கன்னு? நீ இன்னா பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒக்காந்தியா?”

“எங்க வூட்ல அப்படித்தான்டி பழக்கம்...”

“எங்க வூட்ல நாலு பேரு ஒரே நேரத்துல பேசுவோம். ஒருத்தரு பேசறது ஒருத்தருக்குக் கேக்காது. என்னத்தான் பிரதிநிதியா அனுப்பி இருக்கணும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இன்னும் பன்னெண்டு நாளு இருக்குது. இப்ப இன்னா செய்யலாம்? அதச் சொல்லு.”

ஆராய்ச்சிப் பிரிவில் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்யும் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இது டிராஃப்ட்தாம்மா. திங்கக்கெழம வரைக்கும் உறுப்பினருங்க திருத்தம் சொல்லலாம். நீயும் உறுப்பினர்தானே? ‘லெவன்ல நான் ஆட்சேபம் தெரிவிச்சேன், குறிப்புல விட்டுப்போச்சு’ன்னு ஒரு வரி எழுதிக் குடு, சேத்துடறேன். ஆட்சேபம் இருந்தா அடுத்த தடவ கண்டிப்பா எடுத்தாவணும். எவருக்கு ஞாபகம் இருக்கப்போவுது?”

“எழுது” என்றாள் அவள். “ஒரு வரிதானே?”

பேனாவைத் திறந்தேன். மூடினேன். யோசிச்சுட்டு வரேன் என்று வெளியே வந்து அந்த மாடித் தாழ்வாரத்தை மூன்று தடவை சுற்றினேன். ஏழெட்டுப் பேர் இருந்த அறை. ஒருவர், ‘இந்தப் பொண்ணு பேசவே இல்லையே’ என்று சொன்னால் அவள் விஷயம் நிரந்தரமாக மூழ்கிவிடும். அந்தக் காரணத்தைத்தான் அவளிடம் சொன்னேன். அது உண்மையான காரணம்தான். ஆனால் முதல் காரணம் அது இல்லை. நான் உட்கார்ந்த முதல் கூட்டத்திலேயே, பேசாததைப் பேசினேன் என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் கோப்பில் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மணி நேரம், அவள் படிப்பைவிட என் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவளுக்கு அது தெரிந்துவிட்டது. “ஒனக்குப் பேரு கெடக்கூடாது. எனக்குப் படிப்பு போவக்கூடாது. ரெண்டுத்துக்கும் எதுனா வழி இருந்தா செய். இல்லன்னா அந்த வரிய எழுது” என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனாள்.

கடிதத்தை வேறு விதமாக எழுதினேன். பதினோராவது பொருளின்போது நான் அங்கே இருந்தேன், பேச வேண்டியவள் பேசவில்லை, தவறு என்னுடையது, அதற்கு அந்த மாணவி தண்டனை அனுபவிக்கக் கூடாது, குறிப்பு உறுதியாவதற்கு முன் மறுபடி பரிசீலிக்க வேண்டும். அதோடு ஆஸ்பத்திரிச் சீட்டு. மதியம் டீன் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

“பேசலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் இத நான் எதுக்கு எடுத்துக்கணும்?” என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தார். நான் அவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. குழந்தை பிறந்த தேதி, பையில் இருந்த விண்ணப்பத்தில் அவள் போட்டிருந்த தேதி, முடிந்த அத்தியாயங்கள், பாக்கி அத்தியாயங்கள் என்று கொட்டினேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, “மெதுவாம்மா” என்றார். நான் மெதுவாகவில்லை. கடைசியில் போனை வைத்துவிட்டு, “அஞ்சு மெம்பர்ஸ் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா திரும்ப எடுக்கலாம். திங்கள் அஞ்சு மணிக்குள்ள” என்றார்.

சனியும் ஞாயிறும் தலைவனின் ஸ்கூட்டியில் சுற்றினோம். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, அலுத்துக்கொள்வதும் அவன்தான். “ஓட்டு கேக்கக்கூட இவ்ளோ தெரு சுத்தல பா” என்றான். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பேராசிரியர் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். “முதல்ல தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பொண்ணுக்கு மூச்சு வாங்குது” என்றார் அவர் மனைவி.

அவர் கடிதத்தைப் படித்தார். “நீ அன்னிக்குக் கடைசி சேர்ல இருந்தவதானே? ஏம்மா வாயத் தொறக்கல?”

“நீங்க யாராவது கேப்பீங்கன்னு இருந்தேன் சார்.”

“கமிட்டில எவம்மா கேக்கறான்? நானே ஏ.சி. வந்தா சரின்னு லெவனுக்கும் சேத்துத் தலையாட்டிட்டேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர், கொத்தனாரைத் திட்டிக்கொண்டே சிமென்ட் மூட்டைமேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டார். இன்னொருவர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, விதின்னா விதி என்று திருப்பி அனுப்பினார். ஞாயிறு மாலை நாலு கையெழுத்து இருந்தது. ஐந்தாவது, திங்கட்கிழமை காலை வாகன நிறுத்தத்தில் கிடைத்தது. அவர் தலைவனின் கைடு. “இதுக்காவது நாலு எடம் ஓடறியே. உன் ரீடிங்ஸ் எங்கடா?” என்று அவனைக் கேட்டுக்கொண்டேதான் பேனாவை எடுத்தார்.

மூன்று நாள் கழித்து உத்தரவு வந்தது. நீட்டிப்பு உண்டு, ஆனால் நாலு மாதம். எட்டு கேட்டதற்கு ஏன் நாலு என்று ஒரு வரியும் இல்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு தாவரவியல் துறைக்கு ஓடினேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

“அன்னிக்கே நீ பேசியிருந்தா எட்டும் குடுத்திருப்பாங்களா?”

“தெரியலடி.”

“எனக்கும் தெரியல.” தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். மன்னிப்புக் கேட்க நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். “அதெல்லாம் வாணாம். நாலு மாசத்துல ரெண்டு அத்தியாயம். செவ்வா, வியாழன் மத்தியானம் நீ ஃப்ரீயா?”

“செவ்வா மேசை இருக்குதே.”

“மேசைல ஒக்காந்துகினு இவனையும் பாரு. இன்னிக்கு வியாழன்தானே, இப்பவே புடி” என்று குழந்தையை என் கையில் திணித்துவிட்டு ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் இரண்டு நிமிடம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் வீறிட்டான். நடந்தால் நிறுத்துகிறான், நின்றால் அழுகிறான். உள்ளே அவள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அழுகை அவள் காதில் விழக் கூடாது என்று, தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்தேன்.