உயிரோடு இருப்பவர்கள் பட்டியல்

கருத்து வாசிப்பது என்பது, சொந்தமாகக் கருத்து எதுவும் இல்லாதவன் செய்ய வேண்டிய வேலை. எனக்கு அது நிறைய உண்டு என்பதுதான் சிக்கல்.

கத்தோலிக்கர்களான நாங்கள், பூசையில் யாருக்காக, எதற்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அதைக் 'கருத்து' என்போம். சீட்டில் எழுதிக் கோயில் வாசலில் உள்ள பெட்டியில் போடுவார்கள். உயிரோடு இருப்பவர்கள் ஒரு கட்டு, இறந்தவர்கள் ஒரு கட்டு எனப் பிரித்து மைக்கில் வாசிப்பது என் பொறுப்பு. தாம்பரத்தில் எங்கள் பங்குச் சாமியார் என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம் என் தொண்டை. ஆலை வாசலில் தொழிற்சங்கத்துக்காக மைக் இல்லாமல் இருபது வருஷம் பேசிய தொண்டை அது. ஆலை இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. தொண்டை மட்டும் மிச்சம். ஊர் ஊராகப் பட்டியல் வாசித்துத் திட்டு வாங்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வன்மையாக

முதல் ஞாயிறு. மழைக்காக ஒரு வேண்டுதல். "இறைவா, உம்மை மன்றாடுகிறோம்" என்று முடிக்க வேண்டும். சங்க நோட்டீஸ் வாசித்துப் பழகிய வாய். "மழை தருமாறு வன்மையாக வலியுறுத்துகிறோம்" என்று முடித்துவிட்டேன். சபையும் வழக்கம்போல, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் சாமியார் அங்கியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சார், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது மேனேஜ்மென்ட் இல்ல. கொஞ்சம் தணிவா கேளுங்க."

பெஞ்ச்

அஸ்தினாபுரத்து டீச்சர் ஒருவர், "ஆறு வாரமாகப் பெஞ்சில் இருக்கும் என் மகனுக்காக" என்று எழுதியிருந்தார். பாவம், ஆஸ்பத்திரியில் கட்டில்கூடக் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, நோயாளிகளோடு சேர்த்து வாசித்தேன். சபையே உருகியது.

அடுத்த வாரம் அந்த நோயாளி பைக்கில் வந்து இறங்கினான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையாம். கையில் வேலை கொடுக்காமல் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் பெஞ்சாம், அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. சங்கம் வைக்காமல் என்ன செய்கிறீர்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அங்கிள், சங்கம்லாம் அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு ஒரு ப்ராஜெக்ட் வேணும். அத மட்டும் கேளுங்க."

ஆன்ம இளைப்பாற்றி

இதை எழுதத்தான் இத்தனை சுற்று.

ஆரோக்கியசாமியும் நானும் ஒரே ஆலையில், பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றவர்கள். வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள், நிர்வாகம் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் பின்வாசல் வழியாக உள்ளே போனான். மறுநாள் அவன் பெயருக்குக் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் எழுதி ஆலை மதிலில் ஒட்டியவன் நான். அவன் மகள் அப்போது காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குத் தெரியும். போஸ்டரில் அதை எழுதவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே பங்கு, ஒரே கோயில்தான். அவன் காலைப் பூசைக்கு வருவான், நான் மாலைப் பூசைக்கு.

போன தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, பெட்டியில் ஒரு சீட்டு. "ஆரோக்கியசாமி. இதய அறுவை சிகிச்சை நல்லபடி முடிய." படித்தேன். நன்றாகத்தான் படித்தேன். ஆனால் கை அதை இறந்தவர்கள் கட்டில் வைத்தது. வாயும், "ஆரோக்கியசாமியின் ஆன்மா இளைப்பாற" என்று கணீரென்று வாசித்தது. மூன்றாவது வரிசையில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பையோடு, அவன் மனைவி ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பதை வாசித்து முடித்த பிறகுதான் பார்த்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. பூசை முடிந்து கிட்டே வந்து சொன்னார்: "அண்ணா, அவரு இன்னும் போகல. ஆபரேஷன் நாளைக்குத்தான். ஏற்கெனவே ஒரு தடவ செவுத்துல சாவடிச்சீங்க, அது போதும்."

திங்கள் காலை

திங்கட்கிழமை வாசிக்க எனக்கு முறை இல்லை. இருந்தும் காலைப் பூசைக்குப் போய், ஒரே ஒரு பெயர் வாசிக்க வேண்டும் என்று சாமியாரிடம் கேட்டேன். சபையில் எட்டுப் பேர்.

அவன் கையெழுத்துப் போட்டது தப்பு. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவன் செத்துப்போனால் இதை யாரிடம் சொல்வது? "உயிரோடு இருக்கும் ஆரோக்கியசாமிக்காக" என்று தொடங்கினேன். 'வன்மையாக' என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். கடைசியில், 'மன்றாடுகிறோம்' என்பது ஒருவழியாகச் சரியாக வந்தது.

வெளியே வந்ததும் சாமியார் சொன்னார்: "சார், இன்னைக்கு மைக் ஆஃப். ஆனா கேட்டுச்சு."

புதுச் சீட்டு

இரண்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு நன்றிச் சீட்டுகள். ஒன்றில், "பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்." மற்றதில் எனக்கு நன்றாகத் தெரிந்த கோணல் கையெழுத்து: "ஆரோக்கியசாமி. நன்றி. உயிரோடு இருப்பவர்கள் பட்டியலில் வாசிக்கவும்." கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

சரியான பட்டியலில், இரண்டு தடவை வாசித்தேன். பூசை முடிந்ததும் ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தான். இளைத்திருந்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா தலைவரே, நான் உசுரோட கீறனா, போய்ட்டனா? ஒரு முடிவுக்கு வந்துட்டியா?"

வாழ்நாளெல்லாம் நான் வைத்த கோரிக்கைகளில், பேச்சுவார்த்தை இல்லாமல் முழுதாக நிறைவேறியது இது ஒன்றுதான், அதுவும் பின்வாசல் வழியாகப் போனவனுக்காக.